அக்காவின் குறிப்புக் கட்டம்

கல்லூரியில் அவளுக்கு அக்கா என்றுதான் பேர். வருகைப் பதிவேட்டில் வேறு பேர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். நில அளவைப் பட்டயப் படிப்பு, முதலாம் ஆண்டு, வரிசை எண் இருபத்தேழு, வயது முப்பத்தைந்து. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் வந்துவிட்டார் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. தனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று நினைத்து அவள் ஒதுங்கி வழிவிட்டாள். யாரும் வரவில்லை. விஷயம் புரிந்ததும் வகுப்பு அசடு வழிந்தது. அவள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள்.

அதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்குப் பதினோரு பித்தான். அவளுடைய மெஷின் சுவரைப் பார்த்து இருந்தது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால். சுவரில் ஒரு குழாய் மேலிருந்து கீழே இறங்கும், நடுவில் ஒரு முழங்கை வளைவு, அவ்வளவுதான். அந்தக் குழாயை அவள் பார்த்த அளவுக்குக் கட்டின கணவன் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்து மெஷினில் உடன்பிறந்த தங்கை. இருந்தும் பேச முடியாது. மெஷின் இரைச்சல் ஒரு பக்கம், சூப்பர்வைசரின் கண் இன்னொரு பக்கம்.

இப்படி இருந்தவளுக்குப் படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு சாப்பாட்டு இடைவேளையில் வந்தது. தொழிற்சாலை வாசலில் சாலையை அகலப்படுத்த அளக்க வந்திருந்தார்கள். மூன்று கால்மேல் ஒரு கருவியை வைத்து ஒருவர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் கண்டு, “பாக்கறீங்களாம்மா?” என்றார். பார்த்தாள். தெருக்கோடியில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் காதைக் குடைந்துகொண்டிருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. சாயங்காலம் வரை அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நூறு அடிக்கு அப்பால் ஒருவன் காது குடைவதைப் பார்க்க ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தால் வெயிலிலும் காற்றிலும் நின்று செய்ய ஒரு வேலை இருக்கிறது! பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பெட்டியின் அடியிலிருந்து தோண்டி எடுத்தாள்.

கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டான். “ஒரு வருஷம்,” என்றான். “தொழிற்சாலையில ஒரு வருஷம் லீவு கேளு. ரெண்டாம் வருஷத்துக்குப் போறேன்னு கல்லூரி எழுதிக் குடுத்தா வேலைய விட்டுடு. இல்லேன்னா பேசாம மெஷின்ல போய் உக்காந்துடு. சரியா?” சரி என்றாள். சூப்பர்வைசரும் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வருஷத்தை அவள் வாழ்ந்த மாதிரி வாழ யாருக்கும் வராது. கல்லூரி என்றாலே மூக்கால் அழுகிற கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு: பெஞ்சு கடினம், காலை வகுப்பு கொடுமை, காத்தாடி சுற்றவில்லை. அக்காவுக்கோ மணி அடிப்பதே ஒரு கொண்டாட்டம். தொழிற்சாலை மணி உட்கார் என்று ஒரு தடவை சொல்லும், போ என்று ஒரு தடவை சொல்லும். இங்கே ஒரு மணி அடித்தால் கணக்கு போய் வரைபடம் வந்தது. இன்னொரு மணி அடித்தால் வரைபடம் போய் மண்ணியல் வந்தது. ஜன்னலோர பெஞ்சைப் பிடிக்க அரை மணி முன்னாலேயே வந்துவிடுவாள். நூலகத்தில் புத்தகத்தில் தேதி முத்திரை குத்தும்போது எட்டி நின்று பார்ப்பாள். மதிப்பெண் அட்டையில் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் கணவனைப் போடச் சொன்னாள். அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, “வரைபடத்துல அம்பத்தெட்டுதானா? என்ன மாணவி, வெளையாட்டுப் புத்தியா?” என்று கண்டித்துவிட்டுத்தான் போட்டான். ஆறாவது படிக்கும் மகளுக்கு அன்று அளவில்லாத சந்தோஷம்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் கேட்கிற ஒரு கேள்வி: “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” பதினாலு வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அங்கே கேள்வி கேட்டால் கை மெதுவாகிறது என்று அர்த்தம். அதனால் யார் கேட்டாலும் கையைத் தூக்கினாள். சந்தேகம் இல்லாத நாளிலும் தூக்கிவிட்டு, தூக்கின பிறகு ஒரு சந்தேகத்தைத் தேடினாள். சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “அக்கா, நாளைக்கு வெச்சுக்கலாமே,” என்று பின்பெஞ்சு கெஞ்சும்.

சர்வே சாரிடம்தான் வம்பு வந்தது. களத்தில் மட்டம் எடுக்கும்போது, அதாவது தரையின் மேடு பள்ளத்தை அளக்கும்போது, அளவுகளைக் குறிக்க ஒரு கள ஏடு உண்டு. முதல் வகுப்பிலேயே சார் சொன்னார்: “கண்ணுல பட்டத அங்கேயே, அப்பவே எழுதணும். பென்சில்ல எழுதணும். அழிக்கவே கூடாது. தப்புன்னா ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க. அடிச்சது எனக்குத் தெரியணும்.” ஏட்டின் கடைசிக் கட்டத்துக்குக் குறிப்பு என்று தலைப்பு. அளவு எடுத்த புள்ளி எங்கே இருக்கிறது என்று நாலு சொல்லில் எழுதுவதற்கான இடம் அது. அக்காவோ ‘கண்ணில் பட்டது’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டாள். “புள்ளி 3. நூலகத்தின் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே. உள்ளே ஒருவர் புத்தகத்தை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். புத்தகம் தலைகீழ்.” “புள்ளி 9. விடுதிச் சுவர் ஓரம். ஒரு வாளியில் ஏழு காலுறை ஊறுகிறது. எட்டாவதைக் காணவில்லை.” கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். ஓரம் போதாமல் பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

“இது நாட்குறிப்பு அல்ல” என்று சார் சிவப்பு மையில் எழுதி, தடவைக்கு இரண்டு மதிப்பெண் வெட்டினார். அக்கா அதைப் படித்து வருத்தப்பட்டாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். அடுத்த தடவை இன்னும் பொடி எழுத்தில் எழுதினாள். பதினாலு வருஷம் ஒரு குழாயைப் பார்த்தவளிடம் போய் பார்த்ததை எழுதாதே என்றால் என்ன செய்வாள்?

வருஷக் கடைசியில் பெரிய களப்பயிற்சி வந்தது. மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். இதில் தேறினால்தான் இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை பயிற்சி, திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் இரண்டே நாள். வியாழக்கிழமை முழுக்க அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். தங்கை வேறு வந்து, “உன் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்காங்க அக்கா,” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம்.

குழுவில் அக்காவோடு இன்னும் இரண்டு பேர். ஒட்டகம் என்று பேர் வாங்கின நெட்டைப் பையன், நாலு மீட்டர் அளவுகோலை அவன்தான் பிடிப்பான். இன்னொருத்தி கால்குலேட்டர். வகுப்பில் முதல் மாணவி, கருவியில் கண் வைத்து அளவு சொல்கிறவள், சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காதவள். எழுதுவது அக்கா. நூலக வாசல் படியில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கும், அதன் உயரம் தெரிந்தது. அங்கே தொடங்கி, கல்லூரியைச் சுற்றிப் பதினாலு இடத்தில் கருவியை வைத்து, மேடு பள்ளத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்து, மறுபடி அதே குமிழில் முடிக்க வேண்டும். கிளம்பின உயரமே திரும்பி வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் போனால் போகிறது என்று விடுவார்கள். அதற்கு மேல் போனால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். கருவி அறையை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

இதில் ஒரு கட்டாயம் உண்டு. ஒரு புள்ளியில் அளவுகோலை வைத்து அளவு எடுத்த பிறகு, கருவியை முன்னால் கொண்டு போய் நிறுத்தி, அதே புள்ளியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கருவி நடக்கலாம், அளவுகோல் அதுவரை மயிரிழை நகரக் கூடாது.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். வெயில் இதமாக இருந்தது. ஒட்டகம் பாடினான், கால்குலேட்டர் அதட்டினாள், அக்கா எழுதினாள். இரண்டரை மணிக்குப் பித்தளைக் குமிழில் வந்து நின்று கணக்குப் போட்டார்கள். கால்குலேட்டர் ஒரு தடவை போட்டாள். இன்னொரு தடவை போட்டாள். அவள் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ போயிற்று.

“பதினஞ்சு சென்டிமீட்டர் ரெண்டு மில்லி. குறையுது.”

“எங்க தப்பு?” என்றான் ஒட்டகம்.

“பதினாலு எடத்துல எங்க வேணா இருக்கலாம். எல்லாத்தையும் திரும்ப எடுக்க அஞ்சு மணி நேரம் ஆகும். நமக்கு இருக்கிறது ஒன்றரை.”

மூன்று பேரும் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பிறகு கால்குலேட்டர் பையிலிருந்து ஒரு புதுக் கள ஏட்டை எடுத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்கு மாணவர்கள் வைத்திருக்கும் பேர் சமையல். இருக்கிற தப்பை எல்லா அளவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, விடை சரியாக வருகிற மாதிரி புது ஏட்டில் எழுதிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுவது.

“பதினொண்ணு பதினொண்ணு மில்லியா பிரிச்சுப் போட்டா கண்ணுக்கே தெரியாது,” என்றாள். “எல்லா டீமும் இததான் பண்றாங்க. அக்கா, உங்க கையெழுத்துலதான் இருக்கணும். நீங்க எழுதுங்க.”

அக்கா சொல்லியிருக்கலாம், கூடாது என்று. அப்படித்தான் சொன்னாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் சொல்லவில்லை. கண் முன்னால் குழாய் வந்து நின்றது, நடுவில் முழங்கை வளைவோடு. எண்ணெய் போட்ட மெஷின் வந்து நின்றது. பென்சிலை வாங்கினாள்.

“குறிப்பெல்லாம் வேணாம் அக்கா. நம்பர் மட்டும்.”

நம்பர் மட்டும் எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குறிப்புக் கட்டம் வெள்ளையாக நின்றது. நல்ல வெயிலில் ஐந்தரை மணி நேரம் சுற்றின நாள், ஒருவரும் எதையும் பார்க்காத மாதிரி ஏட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலாவது வரி. ஐந்தாவது வரிக்குப் பழைய ஏட்டைப் பார்த்தவள், பார்க்கக் கூடாத கட்டத்தையும் பார்த்துவிட்டாள். பார்த்தாளோ இல்லையோ, களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“இப்பவா அக்கா சிரிக்கிறீங்க?” கால்குலேட்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

“இல்லம்மா, இதப் பாரு.” அக்கா வாய்விட்டு வாசித்தாள். “புள்ளி 5. கேன்டீன் பின்வாசல், கீழ்ப்படி. சமையல்காரம்மா பாத்திரம் கழுவின தண்ணீரை வீசிவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். ஒட்டகம் அளவுகோலோடு ஒரே தாவல். ஆளைத் தவிர்த்துத் தண்ணீர் செருப்பை மட்டும் நனைத்தது. கால்குலேட்டர் பல் தெரியச் சிரித்தாள். இந்த வருஷத்தில் முதல் தடவை.”

ஒட்டகமும் சிரித்தான். கால்குலேட்டருக்கும் உதடு ஓரம் துடித்தது. அக்கா மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“தம்பி, தாவினியே, தாவி எங்க போய் நின்ன?”

“மேல்படில.”

“அளவுகோல்?”

“கையிலதான் இருந்துச்சு. அதுவும்… மேல்படில.”

“அப்புறம் கீழ எறங்கினியா?”

ஒட்டகம் எச்சில் விழுங்கினான். “கீழ ஈரமா இருந்துச்சு அக்கா.”

கால்குலேட்டர் அதற்குள் எழுந்து ஓடியிருந்தாள். இவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், கேன்டீன் பின்வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து நாடாவால் படியை அளந்துவிட்டாள். “பதினஞ்சு!” என்று கத்தினாள். “அக்கா, பதினஞ்சு சென்டிமீட்டர் படி!” என்ன சத்தம் என்று சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே வந்தார். “அம்மா, பத்து நிமிஷம் தண்ணி ஊத்திடாதீங்கம்மா,” என்று ஒட்டகம் கையெடுத்துக் கும்பிட்டான்.

கீழ்ப்படியில் காலையில் போட்ட சாக்கட்டி வட்டம் பாதி கரைந்தும் பாதி கரையாமலும் இருந்தது. அடுத்த புள்ளியின் வட்டம் பட்டறை வாசல் கல்லில் பத்திரமாக இருந்தது. பதினாலு இடமும் வேண்டாம், இந்த ஒரு இடத்தைத் திரும்ப எடுத்தால் போதும். எடுத்தார்கள். அக்கா பழைய ஏட்டில் தப்பான வரியை ஒரே ஒரு கோடு போட்டு அடித்தாள், புது அளவைப் பக்கத்தில் எழுதினாள். கணக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவில் முடிந்தது. மணி நாலாக ஐந்து நிமிஷம்.

சர்வே சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏட்டைப் பிரித்தார். கோடு போட்ட இடத்துக்கு வந்து நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் கண், ஒட்டகம் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த புது ஏட்டின் மேல் விழுந்தது. அவ்வளவு உயரமான ஆளால் எதையும் ஒழுங்காக மறைக்க முடியாது.

“அது என்னது?”

கால்குலேட்டர் தரையைப் பார்த்தாள். அக்காவுக்குப் பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

“சமைக்க ஆரம்பிச்சோம் சார். நாலு வரி எழுதிட்டேன். என் கையாலதான் எழுதினேன்.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“அஞ்சாவது வரியில சிரிப்பு வந்துடுச்சு சார்.”

சார் புது ஏட்டை வாங்கி அந்த நாலு வரியைப் பார்த்தார், வெள்ளையான கட்டத்தையும் பார்த்தார். அதை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். பழைய ஏட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். கருவி அறையைப் பூட்ட வந்த ஆள் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு இடத்தில் சாரின் தோள் குலுங்கிற்று. முடித்ததும், சமையலுக்காக என்று மூன்று பேருக்கும் ஐந்து ஐந்து மதிப்பெண் வெட்டினார். சிவப்பு மையில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாட்குறிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஏட்டை நீட்டும்போது மட்டும் கேட்டார்:

“அந்த எட்டாவது காலுறை கெடச்சுதா?”

“தேடிட்டு இருக்கேன் சார்.”

திங்கட்கிழமை காலையில் அக்கா கல்லூரி தந்த கடிதத்தையும் கள ஏட்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள். தேநீர் இடைவேளை, மெஷின்கள் ஓய்ந்திருந்தன. பெண்கள் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்து டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை அவர்; பதினாலு வருஷம் ஒழுங்காகப் பித்தான் தைத்த கையை விட மனசில்லை.

“நல்லா யோசிச்சியாம்மா? உன் எடம் அப்படியே இருக்கு பாரு. வெயில்ல நின்னு கம்பு புடிக்கிற வேலைக்கு, அந்த வயசுப் புள்ளைங்களோட போய் உக்காந்து… அப்படி என்னதான் இருக்கு அங்க?”

அக்கா பையைத் திறந்து ஏட்டை எடுத்து, நின்ற இடத்திலேயே வாசித்தாள். தலைகீழ்ப் புத்தகத்தோடு தூங்குகிறவரை வாசித்தாள். ஏழு காலுறையை வாசித்தாள். முன்வரிசையில் ஒருத்தி டம்ளரைக் கீழே வைத்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். கேன்டீன் படிக்கு வந்தபோது, தங்கைதான் முதலில் சிரித்தாள். பக்கத்திலேயே பதினாலு வருஷம் உட்கார்ந்திருந்தும், அவள் சிரிப்பு இந்தக் கூடத்துக்குள் எப்படிக் கேட்கும் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது.

சூப்பர்வைசர் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இடைவேளை முடிந்து மணி அடித்தது. யாரும் மெஷின் பக்கம் திரும்பவில்லை.

“அக்கா,” என்றாள் தங்கை, சுவரைப் பார்த்த நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “அந்தப் படி வர்ற எடத்த இன்னொரு தடவ வாசி.”

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், மெஷின் சுவிட்சின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

“சீக்கிரம் வாசிம்மா,” என்றார்.